வள்ளிமயிலின் வேகம்

காலை ஐந்தரைக்கு வள்ளிமயில் ஓடப் போவாள். ஆறரைக்குத் தூக்கம் கலைந்து எழுவாள். ஆழிமங்கலத்தில் எல்லோரும் அப்படித்தான். முதுகெலும்பின் அடியில் பதித்திருக்கும் கால்சாரதி, ஆளை எழுப்பாமல் உடம்பை மட்டும் எழுப்பும். கைகள் காலணியை மாட்டும், கால்கள் படியிறங்கி ஓடுபாதைக்குப் போகும், ஆறு சுற்று ஓடும், திரும்பி வந்து படுக்கும். கண்கள் பாதி திறந்திருந்தாலும் பார்ப்பது சாரதிதான். வள்ளிமயில் அந்த நேரத்தில் ஏதாவது ஒரு கனவில் இருப்பாள்.

ஆழிமங்கலம் சனிக் கிரகத்தைச் சுற்றிவரும் ஒரு பெரிய வளையம். முன்னோர்கள் ஏழரை வருஷத்துக்கே நடுங்கிய கிரகத்தைப் பார்த்துக்கொண்டு நான்கு தலைமுறையாக ஐயாயிரம் பேர் சௌக்கியமாகக் குடியிருக்கிறார்கள். வளையம் அரை நிமிடத்துக்கு ஒருமுறை சுழல்வதால் அதன் விளிம்பில் இருப்பவர்களுக்கு உடம்பில் எடை உண்டு. எடை மட்டும் போதாது, எலும்பு கரையாமலிருக்க தினமும் ஓடவும் வேண்டும் என்று ஊர் தோன்றிய காலத்திலேயே விதி எழுதிவிட்டார்கள். ஓடுவதற்கு யாருக்கும் மனசில்லை என்பதால்தான் கால்சாரதி வந்தது.

ஆனால் ஓடிமுடித்த நேரத்தைச் சொல்லிக்கொள்ள எல்லோருக்கும் மனசு இருந்தது. ஓடுபாதையின் முடிவில் ஒரு பெரிய பலகை உண்டு. அதில் ஊர்க்காரர்களின் பெயர்கள் வரிசைப்படி ஒளிரும். எதிர்வீட்டுக்காரர் நாற்பத்துநான்கு நிமிடம் என்றால் இவர் நாற்பத்துமூன்றரை என்பார். தூக்கத்தில் ஓடியதைப் பெருமையாகச் சொல்கிறோமே என்கிற கூச்சம் ஒருவரிடமும் இல்லை. வள்ளிமயிலும் நாற்பத்தொரு வயதுவரை அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

நீர்ச்சுத்தி நிலையத்தில் அவள் தண்ணீர் சோதிக்கிறவள். ஒருநாள் சோதனைக் குப்பியை எடுக்கக் குனிந்தவளுக்கு இடுப்புக்குக் கீழே தீயாக எரிந்தது. டாக்டர் ஜெசிந்தா பார்த்துவிட்டு, நரம்புகள் சாரதியை ஏற்க மறுக்கின்றன என்றார். அன்றே அதை எடுத்துவிட்டார்கள், இனி வைக்கவும் முடியாது. பிறகு டாக்டர் விதிப்புத்தகத்தைப் புரட்டி, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். சாரதி இல்லாதவர் தொண்ணூறு நாளுக்குள் தானாகவே மூன்று சுற்று நிற்காமல் ஓடிக்காட்ட வேண்டும். முடியாவிட்டால் வளையத்தின் நடுவிலுள்ள மையத்துக்குக் குடிபோக வேண்டும். அங்கே எடை கிடையாது, எலும்பு கரைந்தாலும் ஒடியாது. ஆனால் மூன்று மாதம் அங்கே மிதந்துவிட்டவர்கள் மறுபடி விளிம்புக்கு வந்து நிற்க முடியாது.

வள்ளிமயிலின் கணவர் சுடலைமுத்து பரோட்டா மாஸ்டர். ஊரிலேயே கை தேர்ந்தவர். மையத்தில் பரோட்டா வீசினால் அது திரும்பி வராது. “அதனாலென்ன, நானும் வாரேன். அங்க கஞ்சி காய்ச்சிக் குடிப்போம்,” என்றார் அவர். சொல்லும்போது அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு, வாழ்க்கையில் முதன்முறையாக விழித்துக்கொண்டு ஓடுபாதைக்குப் போனாள். நூற்றுக்கணக்கானவர்கள் தூங்கிக்கொண்டே ஓடிவந்துகொண்டிருந்தார்கள். தலைகள் லேசாக ஆடின. சிலர் குறட்டை விட்டார்கள். காலடி ஓசை மட்டும் ஒரே சீராக, மழை பெய்கிற மாதிரி கேட்டது. அவளும் கூட்டத்தில் நுழைந்து அவர்களோடு ஓடினாள்.

பாதிச் சுற்றில் நெஞ்சு வெடித்துவிடும்போலிருந்தது. ஓரமாக உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கினாள். எழுபது வயதான தபால்நிலையக்காரர் குறட்டையோடு அவளைத் தாண்டிப் போனார். அந்தக் கூட்டத்தில் அவளைப் பார்க்க ஒருவர்கூட விழித்திருக்கவில்லை. இருந்தும் அவளுக்கு மானம் போயிற்று. முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டாள்.

இருபது நாள் இதே கதை. கூட்டத்தோடு கிளம்புவாள், பாதிச் சுற்றில் சாய்வாள். முழங்கால் வீங்கியது. இருபத்தொன்றாம் நாள் சுடலைமுத்து பார்க்க வந்தார். மாவு பிசைகிற வேலை நாலு மணிக்கே தொடங்கிவிடுவதால் அவருடைய ஓட்டம் மதியத் தூக்கத்தில் நடக்கும். காலையில் பிசைந்த மாவு எண்ணெயில் ஊற ஒரு மணி நேரம் ஆகும், அந்த நேரம் அவருக்குச் சும்மா இருக்கிற நேரம். பாதை ஓரத்தில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, “யாரு கூட போட்டி போடுத? எல்லாரும் உறங்கிட்டுல்லா இருக்காவ,” என்றார்.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடே டாக்டரிடம் போய், மூன்று சுற்றை எத்தனை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அதையாவது சொல்லுங்கள் என்று கேட்டாள். டாக்டர் மறுபடி விதிப்புத்தகத்தை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். அவரும் விழித்துக்கொண்டு ஓடியவரில்லை.

“எத்தன நிமிஷத்துலன்னு இதுல எழுதவே இல்லங்க,” என்றார் கடைசியில். “நிக்காம ஓடணும், அவ்வளவுதான் இருக்கு. நாலு தலைமுறையா யாரும் கேக்கலபோல.”

மறுநாள் அவள் கூட்டத்தைப் போகவிட்டு, காலி பாதையில் இறங்கினாள். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சுவிட முடிகிற அளவுக்கு மெதுவாக ஓடினாள். எவ்வளவு மெதுவென்றால், பக்கத்தில் சுடலைமுத்து கொஞ்சம் எட்டி நடை போட்டே கூட வந்தார். தான் ஓடுவதும் கணவர் நடப்பதும் ஒரே வேகம் என்று புரிந்தபோது முதலில் சுருக்கென்றது. அடுத்த நிமிடம் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தும் மூச்சு வாங்கவில்லை. அப்போதுதான் ஒரு சுற்று முடிந்திருப்பதைக் கவனித்தாள்.

அதற்குப் பிறகு வந்த காலைகள் அவளுக்குப் புதிதாக இருந்தன. இத்தனை வருஷமாக உடம்பு போய்வந்த வழியை அவள் அப்போதுதான் பார்த்தாள். பாதையில் இடையிடையே கண்ணாடித் தரை உண்டு. ஓடுகிற காலுக்குக் கீழே சனி மெல்ல எழும், மஞ்சளும் சந்தனமுமாக முழுசாக விரியும், மறையும். ஒளிக்குழாய்கள் விடியலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடும். தோட்டக்கூடத்துப் பக்கம் வரும்போது முருங்கைப்பூ வாசனை. உறங்கி ஓடுகிறவர்கள் தாண்டிப் போகும்போது அவர்கள் கனவில் முணுமுணுப்பதுகூடக் காதில் விழும். தபால்நிலையக்காரர் தினமும் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே போவார். தான் விழித்திருக்கிறோமா, இதுவும் ஒரு கனவா என்று அவளுக்கே சந்தேகம் வரும். எதுவானாலும் இது முடிய வேண்டாம் என்று தோன்றும்.

நன்றாகத் தூங்கிய நாளில் கால்கள் தாமாகவே கொஞ்சம் விரைந்தன. சளி பிடித்த நாளில் தளர்ந்தன. இரண்டையும் அவள் அப்படியே விட்டாள். எண்பத்தாறாம் நாள், டாக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டு சாட்சி நிற்க, நாற்பத்திரண்டு நிமிடத்தில் மூன்று சுற்றை முடித்தாள். மற்றவர்கள் அதே நேரத்தில் ஆறு சுற்றையே முடிக்கப் பார்ப்பார்கள். சுடலைமுத்து அன்றைக்கு மாவை மறந்துவிட்டார். அது ஊறிப்போய்ப் புளித்தேவிட்டது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

விஷயம் இதோடு முடிந்திருக்கலாம். பாதைக் கண்காணிப்புக் கேமராவில் பதிந்த அவளுடைய முகத்தை யாரோ பார்த்தார்கள். நூறு தூங்கிய முகங்களுக்கு நடுவே ஒரு விழித்த முகம், அதில் ஒரு சிரிப்பு. படம் வீடு வீடாகப் போயிற்று. நாற்பத்துமூன்றரை நிமிடக்காரர்கள்கூடத் தங்களுக்கு அப்படி ஒரு முகம் வாய்க்கவில்லையே என்று ஏங்கினார்கள். ஊர் நலச்சபையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து, எப்படி அம்மா இது என்று பணிவாகக் கேட்டார்கள்.

“ஒண்ணுமில்ல. அவுகவுகளுக்கு எது ஒத்துக்கிடுதோ, அந்த வேகத்துல ஓடுனாப் போதும்,” என்றாள் வள்ளிமயில். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தனக்குக் கிடைத்தது ஊருக்கும் கிடைக்கட்டும் என்று மனசாரவே நினைத்தாள். அவர்கள் கேட்டபடி இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு ஒருநாள் ஓடியும் காட்டினாள். அவள் எட்டு வைக்கிற விதம், மூச்சு, தோளசைவு எல்லாம் அதில் பதிந்தன, முகத்தைப் பாதைக் கேமரா எடுத்துக்கொண்டது.

அடுத்த மாதமே எல்லோருடைய கால்சாரதியிலும் ‘தன்வேகம்’ என்ற புதிய நிரல் ஏறியது. ஐயாயிரம் பேரும் இப்போது அவரவர் தன்வேகத்தில் ஓடினார்கள், அதாவது வள்ளிமயில் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஓடிய ஒரு செவ்வாய்க்கிழமையின் வேகத்தில். தூக்கம் மட்டும் பழையபடிதான். பதிவில் அவளுடைய சிரிப்பும் சேர்ந்திருந்ததால் குறட்டை விட்ட வாய்கள் எல்லாம் ஓரத்தில் ஒரே மாதிரி லேசாக விரிந்திருந்தன. முதல் நாள் அதைப் பார்த்தபோது அவள் தன் வாயோரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பழகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பலகையும் மாறியது. விரைவு என்பது போய், தன்வேகத் துல்லியம் என்று வந்தது. யார் எவ்வளவு பிசகாமல் தன்வேகத்தில் ஓடினார் என்று நூற்றுக்கு எத்தனை போட்டு வரிசைப்படுத்தினார்கள். எதிர்வீட்டுக்காரர் தொண்ணூற்றொன்பது என்றார், இவர் தொண்ணூற்றொன்பதரை என்றார். அவசரமே இல்லாமல் வாழ்வதில் யார் முதலிடம் என்று கடைத்தெருவில் ஒரு வாய்ச்சண்டைகூட நடந்தது.

ஒருநாள் வேலைமுடிந்து வரும்போது வள்ளிமயில் பலகையைக் கவனித்தாள். தன் பெயரைத் தேடி மேலிருந்து கீழே வந்தாள், வந்துகொண்டே இருந்தாள். ஆகக் கடைசியில் இருந்தது. சாரதி இல்லாதவளைப் பாதைக் கேமராவை வைத்தே அளந்திருந்தார்கள். பெயருக்கு அருகில் சபையின் அறிவுரையும் இருந்தது: ‘தங்கள் ஓட்டம் தன்வேகத்திலிருந்து நாளுக்கு நாள் மாறுபடுகிறது. தங்கள் உடம்புக்கு உகந்த நிதானத்தைக் கடைப்பிடிக்கவும்.’

வீட்டுக்கு வந்து சொன்னதும் சுடலைமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். யாரும் அவளை மையத்துக்கு அனுப்பப் போவதில்லை, விதிப்படி மூன்று சுற்று ஓடுகிறாள், அது போதும். பலகை ஒரு விளையாட்டு. இதையெல்லாம் அவள் வாய்விட்டே சொன்னாள், சாப்பிடும்போது ஒருமுறையும் படுக்கும்போது ஒருமுறையும்.

மறுநாள் அவளுக்கு லேசாகச் சளி. கண்ணாடித் தரையில் சனி எழுந்து விரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. இரண்டாவது சுற்றில் தபால்நிலையக்காரர் அவளுடைய எட்டையே போட்டு, அவளுடைய சிரிப்பையே சிரித்து, அரை அடி முன்னால் போனார். பின்னாலேயே இன்னும் பத்துப் பேர் அதே எட்டில், அதே சிரிப்பில். கொஞ்ச தூரம் போனதும், பக்கத்தில் நடந்துவந்த சுடலைமுத்துவுக்கு நடை போதாமல் ஓட வேண்டியதாயிற்று.

“என்னட்டி, இப்பிடி மூச்சு வாங்குது? மெதுவாப் போயேன்.”

வள்ளிமயில் வேகத்தை இன்னும் கூட்டினாள். பேசுவதற்கு மூச்சில்லை. இருபதடி போன பிறகு, முன்னால் போகிற கூட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“பேசாம வாங்க. அந்தா போகுதுல்லா, அதுதான் என் வேகம். எப்பிடியாவது அதப் பிடிச்சிரணும்.”