பதினோராம் கட்டிலின் ரத்தம்

ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கொசு என்று பேர். வார்டு வார்டாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலை. குத்தியதே தெரியாமல் எடுத்துவிடுவான் என்பதால் நோயாளிகளே ஆசையாக வைத்த பேர் அது. "கொசு வந்துடுச்சுப்பா, கையை நீட்டுங்க" என்று கட்டிலுக்குக் கட்டில் கிண்டல் நடக்கும். அவனும் சளைக்காமல் காதோரம் ஙொய்யென்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பான்.

அப்படிப்பட்டவன் அன்றைக்கு, எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, மூடிக் கிடந்த பழைய வார்டின் கதவைத் தோளால் தள்ளித் திறந்தான். சட்டைப் பையில் ஓர் ஊசி, ஒரு டியூப், கையை இறுக்கிக் கட்டுகிற ரப்பர் பட்டை. குத்த வேண்டிய கை அவனுடையதுதான்.

விஷயம் இதுதான். ரத்தம் பரிசோதிக்கிற புது மெஷின் ஒன்றைப் பழக வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே வந்திருந்த ஒருத்தியோடு சிரிப்பும் பேச்சுமாகப் பழகி, கடைசி நாளன்று ஓட்டல் அறை வரைக்கும் போய்விட்டது. ஆணுறை போடுங்க, வெட்கப்படாதீங்க என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற வாய் அப்போது எங்கே போனதோ தெரியவில்லை. திரும்பி வந்த சில நாளில் ஒன்றுக்குப் போகும்போது ஓர் எரிச்சல். அதற்கப்புறம் தொடை இடுக்கில் ஒரு சின்னத் தடிப்பு. அது தடிப்புத்தானா, தினமும் நகத்தால் சொறிந்து சொறிந்து அவனே உண்டாக்கியதா என்று அவனுக்கே நிச்சயமில்லை. மேகநோய், எச்.ஐ.வி. என்று வேலையிடத்தில் சாதாரணமாகப் புழங்குகிற வார்த்தைகள் இப்போது குளிக்கும்போதும் பல் தேய்க்கும்போதும் கூடவே நின்றன.

மனைவி ஊரில் இல்லை. தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தாள். இந்த வாரக் கடைசியில் வந்துவிடுவாள். வந்தால் பக்கத்தில் படுப்பாள். அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

தன் பேரில் ரத்தம் கொடுக்கலாம் என்றால் மெஷினைப் பார்த்துக்கொள்கிற மேடம் அடுத்த நிமிஷமே மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். வெளியில் எங்காவது போகலாம் என்றால் ஊரில் இருக்கிற லேப்காரன் எல்லோரும் சிநேகிதன். அதனால்தான் இந்த யோசனை. கூரை ஒழுகுகிறது என்று பழைய வார்டை மூடி வருஷங்கள் ஆகியும் அதன் கட்டில் எண்களை மெஷினிலிருந்து யாரும் எடுக்கவில்லை. அங்கே படுத்திருக்கிற யாரோ ஒருவரின் ரத்தம் என்று ஒட்டிவிட்டால் கேட்பாரில்லை. சமீபத்தில் வேலைக்கு வந்த மேடத்துக்கு அது மூடிய வார்டு என்றே தெரியாது.

உள்ளே ஈரச் சுவரின் வாடையும் பழைய பினாயில் வாடையும் கலந்து மூச்சை அடைத்தது. உச்சி வெயில்தான். ஆனால் ஜன்னல்களில் ஆணியடித்த பலகைகளின் இடுக்கு வழியாகக் கீற்றுக் கீற்றாகத்தான் வெளிச்சம் விழுந்தது. இரும்புக் கட்டில்கள் மெத்தை இல்லாமல் வரிசையாகக் கிடந்தன. சுவரை ஒட்டிய பதினோராம் கட்டிலில் மட்டும் ஒரு மெத்தை விட்டுப்போயிருந்தது.

அதில் உட்கார்ந்தான். பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டினான். ஆயிரம் பேருக்கு வலிக்காமல் குத்தியவனுக்குத் தன் நரம்பு அகப்படவில்லை. இரண்டு முறை தவறி, மூன்றாவதில் ரத்தம் டியூபுக்குள் ஏறியது. பஞ்சை மடக்கிய முழங்கைக்குள் வைத்துக்கொண்டு டியூபில் சீட்டை ஒட்டினான். பழைய வார்டு, கட்டில் பதினொன்று.

அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு வழக்கங்கள் உண்டு. எப்போதோ இரண்டு பேரின் ரத்தம் மாறிப்போய்ப் பெரிய வம்பானதிலிருந்து வந்தவை. ஒன்று, சீட்டை ஒட்டியதும் டியூபை நோயாளியின் கண்முன் காட்டி, இது உங்கள் ரத்தம்தானே என்று கேட்க வேண்டும். அவர் ஆமாம் என்ற பிறகுதான் கட்டிலை விட்டு நகர வேண்டும். இரண்டாவது, ரத்தம் எடுத்தவரே முடிவையும் கொண்டுபோய் அதே நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும்.

கொசுவுக்கு அந்தக் கேள்வி மூச்சு விடுவது மாதிரி. ஒரு நாளில் எத்தனை முறை கேட்கிறானோ. டியூபைத் தூக்கிப் பிடித்தான். வாய் தன்பாட்டுக்குக் கேட்டது.

"இது உங்க ரத்தம்தானே?"

கேட்ட பிறகுதான் தன் மடத்தனம் அவனுக்கு உறைத்தது. சிரிப்புக்கூட வந்தது.

"ஆமா."

பின்னாலிருந்து. காதுக்கு மிகப் பக்கத்திலிருந்து. வெகுநாள் பேசாத தொண்டையிலிருந்து வருகிற மாதிரி.

மெத்தையின் அந்தப் பக்கம் மெதுவாக அமுங்கியது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படி வெளியே வந்தான், எப்படிப் படியிறங்கினான் என்பது ஞாபகமே இல்லை. டியூபை மட்டும் கை விடாமல் பிடித்திருந்தது. புறாவாக இருக்கும், பசி மயக்கமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். லிஃப்ட்காரர் அவனைப் பார்த்துவிட்டு, "என்ன கொசு, முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு? உன் ரத்தத்தை யாரு உறிஞ்சினது?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

முடிவு மறுநாள் வந்தது. மேடம் தாளை நீட்டினார்.

"பழைய வார்டு பதினொண்ணு. ஒண்ணும் இல்ல, எல்லாம் நெகட்டிவ். ஆனா அந்த ஆளுகிட்ட தெளிவா சொல்லிடு. சம்பவம் சமீபத்துல நடந்திருந்தா இந்த முடிவை நம்பிக்கிட்டு உக்காரக் கூடாது. நோய் உள்ள இருந்தாலும் ரத்தத்துல தெரிய நாளாகும். மறுபடி எடுத்துப் பாக்கணும். அதுவரைக்கும் வீட்ல ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு."

"சரிங்க மேடம்."

"எதா இருந்தாலும் இப்ப மருந்து இருக்கு, பயந்து ஒளிய வேண்டாம்னும் சொல்லு. கட்டினவகிட்ட மறைச்சா ரெண்டு பேருக்கும் கேடு."

அவனுக்குத் தெரியாததா? வார்த்தை பிசகாமல் இதையே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறான். ஆனால் அவன் காதில் நெகட்டிவ் என்ற ஒரு சொல்தான் விழுந்தது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். ரத்தம் எடுக்கிற அறைக்குத் திரும்பும்போது விசில் அடித்துக்கொண்டே வந்தான்.

அறைச் சுவரில் ஒரு பழைய மரப்பலகை உண்டு. பழைய வார்டின் கட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி பல்பு. ரத்தம் எடுக்க ஆள் வேண்டுமென்றால் கட்டிலருகே பொத்தானை அழுத்துவார்கள், இங்கே பல்பு எரியும். வார்டை மூடியபோதே ஒயரை வெட்டிவிட்டார்கள். பலகையைக் கழற்றத்தான் சோம்பல்.

அதில் பதினொன்று எரிந்துகொண்டிருந்தது.

வாரக் கடைசியில் மனைவி வந்து இறங்கினாள். பை நிறையத் துணியும் வாய் நிறையக் குழந்தைக் கதையுமாக. "என் தங்கச்சி புள்ள கொட்டாவி விட்டா உங்களை மாதிரியே இருக்குங்க" என்றாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவன் இருந்தான். அவள் கை கால் கழுவட்டும், சாப்பிடட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான். விளக்கை அணைத்து அவள் பக்கம் நெருங்கி வந்தபோது சட்டைப் பைக்குள்ளிருந்த தாளை நினைத்துக்கொண்டான். அதுதான் ஒன்றும் இல்லையே. மேடத்தின் குரல் தூரத்தில் எங்கோ கேட்டது. அதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டான்.

விடிந்ததும் குளியலறைக்குப் போய்ப் பார்த்தான். தடிப்பு அங்கேயேதான் இருந்தது, கொஞ்சம் பெரிதாகக்கூட. எல்லாம் முடிந்த பிறகு பயம் முன்னைவிட இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. தனக்கு மட்டும் என்றிருந்தது இப்போது அவளுக்கும் சேர்த்து.

பலகையில் பதினொன்று அணையவே இல்லை. துணி போட்டு மூடினான். துணிக்குள்ளிருந்து சிவப்பாகத் தெரிந்தது. லிஃப்ட்காரரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் பலகையின் பின்னால் கைவிட்டு, வெட்டிய ஒயரின் நுனியை வெளியே இழுத்துக் காட்டினார். பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"யாருக்கோ தரவேண்டியதை நீ தராம வச்சிருக்கே. போய்க் குடுத்துட்டு வந்துடு" என்றார். அதற்கப்புறம் அந்த அறைப் பக்கம் அவர் வரவில்லை.

வேறு வழி தெரியாமல் கொசு மறுபடியும் அந்தக் கதவைத் தள்ளினான். கையில் நாலாக மடித்த தாள்.

பினாயில் வாடை இப்போது புதிதாக அடித்தது. யாரோ காலையில்தான் தரையைத் துடைத்த மாதிரி.

பதினோராம் கட்டிலில் விரிப்பு விரித்திருந்தது.

விரிப்புக்குள் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒரு கை மட்டும் வெளியே நீண்டு கிடந்தது. முழங்கை மடிப்பில் பஞ்சு. அதைச் சுற்றி மூன்று ஊசித் தடங்கள். தவறிய இரண்டு, தவறாத ஒன்று.

கொசுவின் முழங்கை சுரீரென்று வலித்தது.

"உங்க... உங்க முடிவு" என்றான். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "ஒண்ணும் இல்லையாம். நல்லாத்தான் இருக்கீங்களாம்."

கட்டில் கிரீச்சிட்டது. முகம் திரும்பவில்லை.

"நல்லதை நீ எடுத்துக்கிட்டே" என்றது அந்தக் குரல். கோபமில்லை. நாள் கணக்காகக் காத்துக் காத்துச் சலித்துப்போன குரல். "ரத்தத்தை என்னுதுன்னு ஒட்டினே. முடிவை உன்னுதுன்னு மடிச்சு வச்சுக்கிட்டே. அப்ப எனக்கு மிச்சம் என்ன?"

அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"மறுபடி எடுக்கணுமே. எப்ப வரே?"

கை இன்னும் கொஞ்சம் நீண்டது. விரல்கள் விரிந்து காத்திருந்தன.

தாளைத் தரையில் போட்டுவிட்டு அவன் ஓடினான்.

மறுபடி ரத்தம் எடுக்க வேண்டிய நாள் வந்தது. எடுக்கவில்லை. ஊசியைக் கையில் எடுத்தாலே காதோரம் ஆமா என்று கேட்டது. நாளைக்கு, நாளைக்கு என்று நாள் ஓடியது. வீட்டில் இடுப்பு வலி என்று பொய் சொல்லிக் கூடத்தில் தனியாகப் பாய் போட்டுக்கொண்டான். அவள் எண்ணெயைச் சுடவைத்து எடுத்துவந்து, தேய்த்துவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். தான் எப்படிப் படுத்திருக்கிறோம் என்பது ஒரு நாள் திடீரென்று உறைத்தது. அதற்குமேல் தூக்கம் வரவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று தெரியும். வாயைத் திறந்தால் அவள் முகம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. தைரியம் என்பது அவனுக்குச் சுத்தமாக வற்றிப்போயிருந்தது.

ஒரு நாள் வேலைக்குப் போனதும் பலகையைப் பார்த்தான். பதினொன்று அணைந்திருந்தது.

அப்பாடா என்று உட்கார்ந்தான். பல நாளுக்குப் பிறகு பசித்தது.

மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், தலைக்குமேல் லேசாக டிக் என்ற சத்தம். நிமிர்ந்து பார்த்தான். எரிந்தது பதினொன்று இல்லை. அதற்கடுத்த பன்னிரண்டு. கோடியில் அதுவரைக்கும் யாருமில்லாத கட்டில்.

அவனுக்கு முதலில் நினைவுக்கு வந்தது மனைவியின் முகம்தான். மேடத்திடம் சொல்லாமல்கூட வீட்டுக்கு ஓடினான்.

மனைவி சமையலறையில் நின்றிருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். மூச்சு வாங்கி நிற்கிறவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னங்க, இந்த நேரத்துல? சாப்பிடலையா?"

அவள் இடது கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள்.

"கைல என்ன?"

"இதுவா?" அவள் கையைப் பிரித்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சு. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. "உங்க ஆஸ்பத்திரியில இருந்து ஒருத்தர் வந்தாரு. நீங்கதான் அனுப்பினதா சொன்னாரு. குத்தினதே தெரியலங்க, உங்களை மாதிரியேதான். ஆனா கை மட்டும் என்னா ஜில்லுப்பு!"

"ஆளு... பாக்க எப்படி இருந்தாரு?"

அவள் யோசித்தாள். "முகத்தை ஒழுங்காப் பாக்கலியே. எடுத்து முடிக்கிற வரைக்கும் சுவரைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் டியூபைக் காட்டி, இது உங்க ரத்தம்தானேன்னு கேட்டாரு. ஆமான்னு சொன்னேன்."

வீட்டுக்குள் எங்கிருந்தோ பினாயில் வாடை வந்தது.

"எதுக்குங்க ரத்தம்னு அவரைக் கேட்டேன். உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க, அவருக்குத் தெரியும்னாரு." அவள் முகத்தில் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அவன் முகத்தைப் பார்த்ததனால் இருக்கும். "எதுக்குங்க? எனக்கு என்ன?"

அவன் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லுங்களேன். பயமா இருக்கு."

வாசலில் காலிங் பெல் ஒரே ஒருமுறை அடித்தது.

"முடிவை அவரே கொண்டு வந்து தர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள் அவள். பஞ்சை இன்னொரு கையால் அழுத்திக்கொண்டு, கதவைத் திறக்க நடந்தாள்.