வாலை விழுங்கிய பேச்சுப்பெட்டி

காலை 9.10.

"கவனிக்கவும். கவனிக்கவும். என் பேச்சின் கடைசிப் பகுதியைக் காணவில்லை."

மூன்றாவது மாடி அலுவலகத்தில் இருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். ரயில் நிலையத்தில் கேட்கும் கணீர்க் குரல். ஆனால் பக்கத்தில் தண்டவாளம் எதுவும் கிடையாது. வாசலில் ஒல்லியாக ஒருவர் நின்றிருந்தார். கழுத்திலிருந்து மார்பு வரை தொங்கியது ஒரு பேச்சுப்பெட்டி.

முப்பத்தொரு வருடம் ரயில் நிலைய அறிவிப்பாளராக இருந்தவர் அவர். தொண்டையில் நடந்த அறுவை சிகிச்சை உயிரை விட்டுவைத்துக் குரலை எடுத்துக்கொண்டது. நிலையத்தில் பதிவாகிக் கிடந்த பழைய அறிவிப்புகளைத் திரட்டி, அவர் குரலிலேயே பேசும் பெட்டியைச் செய்து கொடுத்தது இந்த அலுவலகம். தட்டெழுதினால் பேசும். ஒரே தொந்தரவு, 'உப்பு வேணும்' என்று எழுதினாலும் எட்டாம் நடைமேடைக்கு வண்டி வருகிற தோரணையில்தான் ஒலிக்கும்.

"உக்காருங்க ஐயா. எப்ப கவனிச்சீங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் மோப்பக்கா.

அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. பெட்டி வெளியே போகுமுன் அதில் கோளாறு இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதே அவள் வேலை. கோளாறு எங்கே பதுங்கினாலும் மூக்கை நீட்டிப் பிடித்துவிடுவாள். சிவப்பு அட்டை நோட்டு ஒன்றும் ஒரு பேனாவும் எப்போதும் கையில் இருக்கும்.

"இன்று காலை ஆறு மணி பதினைந்து நிமிடம்" என்றது பெட்டி.

"வேற யாராவது பெட்டியைத் தொட்டாங்களா?"

"இல்லை. தலையணைக்கு அடியில் வைத்து உறங்கினேன்."

"காணாமப் போனது திரையில தெரியுதா?"

"தெரிகிறது. ஒலிக்கவில்லை."

"அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?"

அவர் ஒற்றை விரலால் தட்டினார். நேரம் எடுத்தது. மற்ற விரல்கள் விறைத்துப் போனவை.

"கீழே மேலும் மூன்று வரி எழுதினேன். காணாமல் போன வரி வந்து சேர்ந்தது. புதிய மூன்று வரிகள் வந்து சேரவில்லை."

மோப்பக்காவின் பேனா நின்றது. முந்தின திருட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாகத் திருடுகிற திருடனா? அவள் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டாள்.

விஷயம் அவசரமானது. சாயங்காலம் நாலு மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் அவருடைய ஒரே மகளின் கல்யாணம். அங்கே அவள் கேட்க வேண்டும் என்று, தன் குரலில், மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய பேச்சு அது. வேறு யார் கண்ணிலும் படக் கூடாது என்பது அவர் பிடிவாதம். பேசுகிறவரின் அந்தரங்கம் வெளியே போகக் கூடாது என்பதற்காக இந்தப் பெட்டியில் எதையும் சேமித்து வைக்கும் இடமே கிடையாது. எழுதியதெல்லாம் மின்சாரம் இருக்கும் வரை நினைவகத்தில் இருக்கும். அணைத்தால் போச்சு. புதுப் புரோகிராம் ஏற்ற வேண்டுமானால் பெட்டியை அணைத்தே ஆக வேண்டும்.

"அதாவது, ஆளை மயக்காம ஆபரேஷன் பண்ணச் சொல்றீங்க" என்றாள் மோப்பக்கா.

"ஆம். மகள் நேரத்துக்கு வரும் பழக்கம் உள்ளவள் அல்ல. பிறந்ததே ஒன்பது நாள் தாமதம். எனவே உங்களுக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்கலாம்."

மோப்பக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். சத்தம் வரவில்லை, தோள் குலுங்கியது.

காலை 9.40.

முதல் விசாரணை, நூலகரிடம். பெட்டி ஓடுவதற்கு அடிப்படையான புரோகிராம் தொகுப்பை, 'சி' என்ற கணினி மொழியில் எழுதியவர் அவர்தான். அந்தத் தொகுப்புக்கு 'நூலகம்' என்று பெயர். அதனால் அந்தப் பெயர். ஒரு புத்தகம்கூட இல்லாத நூலகத்துக்கு நூலகர். சட்டைப் பையில் ஏழு பேனா இருந்தது. ஒன்றும் அவருடையது இல்லை.

"நினைவகத்துல நீங்க வச்சிருக்கிற ஃபைல் எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

"அது ஒரு வேஷம். எழுதுற புரோகிராம் உண்மையான ஃபைல்னு நம்பி எழுதும். பின்னாடி டிஸ்க்கே கிடையாது. எழுத்து முதல்ல ஒரு சின்னத் தட்டுல விழும். தட்டு ரொம்பினதும் உள்ளே கிடங்குக்குப் போகும். கிடங்கு ரொம்பினா, பெரிய கிடங்கா பார்த்துக் குடி போயிடும். கிடங்கு எங்கே, உள்ளே எவ்வளவு இருக்குன்னு ஒரு சீட்டுல எழுதி வாசல்ல ஒட்டிடும்."

"குடி போறப்ப சாமான் தொலையுமா?"

"அபாண்டம்! நானே பத்தாயிரம் தடவை குடி போக வச்சுப் பார்த்திருக்கேன். ஒரு ஸ்பூன் தொலைஞ்சதில்ல."

நம்பினாள். குடி போவதில் தொலைந்தால் போனது போனதுதான். மறுநாள் வீட்டுக் கதவைத் தட்டி "இந்தாங்க உங்க பழைய வரி" என்று யாரும் கொடுக்க மாட்டார்கள்.

காலை 10.15.

அடுத்து குயில். பெட்டியின் குரல் பகுதியை எழுதும் பெண். பாட்டு சுத்தமாக வராது என்பதால் அந்தப் பெயர் இன்னும் பொருந்தியது.

"பேசுன்னு பொத்தானை அமுக்கினா உன் புரோகிராம் என்ன பண்ணும்?"

"சின்னப் பேச்சுன்னா, ஃபைலை மூடிடும். அப்புறம் பேசும். தண்ணி கொடு, கதவைச் சாத்து, அந்த மாதிரி."

"நீளப் பேச்சுன்னா?"

"அதை மூடறதில்லக்கா. போன மாசம்தான் மாத்தினேன். மூடினா திரும்பச் சேர்த்து எழுத முடியலன்னு மூலையில உக்காந்திருக்காரே, அந்த ஐயாதான் கேட்டாரு. இப்ப வாசல் சீட்டைப் பார்த்து, அதுல எவ்வளவுன்னு இருக்கோ அவ்வளவையும் பேசும்."

"சீட்டு பொய் சொல்லுமோ?"

"என் சீட்டு பொய் சொல்லாது!" என்று அடுத்த மேஜையிலிருந்து நூலகர் கத்தினார்.

"என் குரல் முழுங்காது!" என்று குயில் திருப்பிக் கத்தினாள்.

"எனது பேச்சு தாமதமாகிக் கொண்டிருக்கிறது" என்றது மூலையிலிருந்து கணீரென்று.

காலை 11.00 முதல் 12.50 வரை.

மோப்பக்கா இன்னொரு பெட்டியை எடுத்தாள். அதே புரோகிராம், அதே பொத்தான்கள். நீளமாக ஏதோ எழுதினாள். வாடகைக்கு வீடு தேடிய கதை, பல்வலி வந்த கதை, கணவர் தோசைக்கல்லைக் கருக்கிய கதை. எழுதி முடித்ததும், மொத்தம் எத்தனை எழுத்து என்று காட்டும் எண்ணிக்கைப் பொத்தானை அமுக்கினாள். திரையில் வந்த எண்ணை நோட்டில் குறித்தாள். பேசு பொத்தானை அமுக்கினாள். முழுசாகப் பேசியது.

மறுபடி எழுதினாள். எண்ணினாள். குறித்தாள். பேச வைத்தாள். முழுசாகப் பேசியது.

பதினெட்டு முறை. நோட்டில் பதினெட்டு எண்கள். பதினெட்டிலும் 'முழுசா பேசிச்சு'. பழைய பக்கங்களைப் புரட்டினாள். போன மாதத்திலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள். எல்லாவற்றிலும் ஓர் எண், பக்கத்தில் அதே வாசகம்.

"நான் பார்த்தா நல்ல பிள்ளையா நடிக்குது குயிலு. அவரு தனியா இருந்தா மட்டும் வேலையைக் காட்டுது."

"பேய் பிடிச்சிருக்குமோ?"

"பேய்க்கு வால் மட்டும் எதுக்குடி?"

நூலகர் ஆறுதல் சொல்ல வந்தார். கிடங்கின் படத்தை மறுபடி வரைந்து காட்டினார். வரைந்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மதியம் 1.05.

மோப்பக்கா பத்தொன்பதாவது கதையை எழுதி முடித்தாள். பேனாவுக்குக் கை நீட்டினாள். பேனா இல்லை. நூலகரின் பையில் எட்டாவதாகப் போய்ச் சேர்ந்திருக்கும். எழுதுவதற்குப் பேனா இல்லாதபோது எண்ணி என்ன பிரயோஜனம்? எரிச்சலோடு நேராகப் பேசு பொத்தானை அமுக்கினாள்.

பெட்டி பேசியது. "...கல்லு கருகிப்போச்சு. அதுக்கு அவர் சொன்ன சமாதானம்..."

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

மோப்பக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள். பிறகு காலியாக இருந்த தன் கையைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் மூன்றாவது மாடி அதிரும்படி சிரித்தாள்.

மதியம் 1.30.

"எல்லாரும் வந்தாச்சா? குற்றவாளி இந்த அறையிலதான் இருக்காங்க."

நூலகர் உதட்டோரம் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். குயில் நகத்தைக் கடித்தாள். அறிவிப்பாளர் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்க பேச்சை யாரும் திருடல. உங்க கடைசி வரி தட்டுலயே உக்காந்திருக்கு. தட்டு ரொம்பினாத்தான் கிடங்குக்குப் போகும். நீங்க இன்னும் மூணு வரி எழுதினப்ப தட்டு ரொம்பிச்சு, பழைய வரி உள்ளே போச்சு. புதுசு தட்டுல மாட்டிக்கிச்சு. அதான் திருப்பிக் கொடுக்கிற திருடன்."

"அதுக்குத்தானே சீட்டு..." என்று ஆரம்பித்தார் நூலகர்.

"சீட்டை எப்ப புதுப்பிப்பீங்க?"

"தட்டைக் காலி பண்றப்ப. ஃபைலை மூடினா காலி ஆகும். இல்ல, காலி பண்ணுன்னு சொன்னா காலி ஆகும். அதுவரைக்கும் சீட்டுல இருக்கிறது பழைய கணக்கு. அது உலகம் பூரா இருக்கிற விதி."

"குயிலு, நீ மூடறதை எடுத்துட்ட. சரி. அதுக்குப் பதிலா புரோகிராம்ல, தட்டைக் காலி பண்ணச் சொல்ற வரியை வச்சியா?"

குயிலின் வாயிலிருந்து நகம் நழுவியது. "ஐயையோ! வைக்கலக்கா. ஒரே ஒரு வரி!"

"நான்தான் அப்பவே..." என்று நூலகர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அவசரப்படாதீங்க. கூட்டாளி ஒருத்தர் இருக்காங்க. இவ பண்ணின தப்பை இருநூத்துப் பன்னெண்டு தடவை மூடி மறைச்ச ஆளு. எண்ணிக்கைப் பொத்தானை அமுக்கினா என்ன நடக்கும் நூலகரே?"

"எண்ணணும்னா முதல்ல தட்டைக் காலி பண்ணணும், அப்புறம்..." நூலகர் நிறுத்தினார். கண்கள் மெதுவாகச் சிவப்பு நோட்டுக்குப் போயின.

"ஆமா. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னாடி நான் எண்ணினேன். எண்ணினதாலயே தட்டு காலியாச்சு. காலியானதால எல்லாம் சரியா பேசிச்சு. திருடனைப் பிடிக்கப் போன நானே தினமும் அவனைப் பின்கதவு வழியா அனுப்பி வச்சிருக்கேன். கூட்டாளி நான்தான். பேனாவைத் திருடி என்னைக் காட்டிக் கொடுத்தவர் இவரு."

நூலகர் எட்டாவது பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். வழக்கத்துக்கு மாறாகப் பெருமையோடு.

"பெட்டியை அணைக்க வேண்டாம் ஐயா. புதுப் புரோகிராமை நாளைக்கு ஏத்திக்கலாம். இன்னைக்கு எண்ணிக்கைப் பொத்தானை ஒரு தடவை அமுக்குங்க, அப்புறம் பேச வைங்க."

அவர் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஏழு நிமிடம். கதவு திறந்தபோது மூக்கு நுனி சிவந்திருந்தது.

"பேச்சு முழுமையாக வந்து சேர்ந்தது" என்றது பெட்டி. "நீங்கள் மூவரும் மாலை நாலு மணிக்கு வந்து சேரவும்."

மாலை 4.00.

பதிவாளர் அலுவலகத்தில் மாப்பிள்ளை இருந்தார், சாட்சிகள் இருந்தார்கள், கடிகாரத்தை முறைத்துக்கொண்டு பதிவாளர் இருந்தார். மணப்பெண் இல்லை. அறிவிப்பாளர் ஜன்னலோரம் நின்று தெருவையே பார்த்தார். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, பெட்டியை உயர்த்தி, ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார்.

4.08. மணப்பெண் ஒரு கையில் செருப்போடு ஓடி வந்தாள். "ஸாரிப்பா, ஸாரி! லிஃப்ட் வரவே இல்ல!"

சிரிப்பலை அடங்கியது. கையெழுத்து முடிந்தது. அறிவிப்பாளர் முன்னால் வந்தார். விரல் பேசு பொத்தானை நோக்கிப் போனது.

கடைசி வரிசையில் மோப்பக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போது எழுதிய வரி! அது தட்டில் அல்லவா இருக்கும்!

கத்தவா முடியும்? எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்தில் இருந்தவர் இது யார் வீட்டுப் பைத்தியம் என்று நகர்ந்து உட்கார்ந்தார். குயிலும் எழுந்து எண்ணினாள். நூலகரும் எழுந்து எண்ணினார்.

அறிவிப்பாளர் பார்த்தார். விரல் அந்தரத்தில் நின்றது. புருவம் உயர்ந்தது. விரல் ஒரு கட்டம் இடது பக்கம் நகர்ந்து எண்ணிக்கைப் பொத்தானைத் தொட்டது. அப்புறம் பேசு.

"கவனிக்கவும். கவனிக்கவும்" என்றது முப்பத்தொரு வருடக் குரல். மகள் அந்த நொடியே அழ ஆரம்பித்துவிட்டாள். சைக்கிள் கற்றுக்கொண்டபோது அவள் விழுந்தது, பரீட்சைக்கு நேரம் கழித்துப் போனது, அம்மா இல்லாத வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சமைத்துக் கருக்கியது எல்லாம் வண்டி எண்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அறை சிரித்தது, மூக்கை உறிஞ்சியது, மறுபடி சிரித்தது.

மோப்பக்கா கடைசிக்காகக் காத்திருந்தாள்.

"இறுதி அறிவிப்பு. நம் வீட்டுக்கு நீ இனி எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தாலும், தாமதம் என்று அறிவிக்கப்பட மாட்டாது."

மகள் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டு அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நடுவில் நசுங்கிய பெட்டி எந்தப் பொத்தான் பட்டதாலோ, "நன்றி, நன்றி, நன்றி" என்று கத்தியது.

மோப்பக்கா நோட்டை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பாமலே பக்கத்தில் கையை நீட்டினாள்.

"நூலகரே, பேனா."

அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் எழுதினாள்: 'எண்ணிக்கை தெரியாது. முழுசா பேசிச்சு.'