குடியிருப்பு

தலையணை உறையில் மழை மணத்தது.

நிருஷா அதைக் கழற்றி, ஒருமுறை உதறி, மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனாள். பிழையில்லை. காய்ந்த புழுதியில் முதல் துளி விழும்போது எழும்பும் அதே மணம். ஆனால் பெரியகல்லாற்றில் மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது. வைகாசி வெயிலில் வாவி உள்வாங்கி, கரைச்சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கிணற்று வாளி அடித்தரையில் மோதிச் சத்தம் போட்டது. வீட்டில் ஈரமாக இருந்தது, காய்ச்சலில் வியர்த்துக்கொண்டு கட்டிலில் கிடந்த அவளுடைய புருசன் மட்டும்தான்.

வேறு யாருக்கும் அது நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்ளத் தோன்றும் மணம். நிருஷா உறையை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தாள். அவள் நுண்ணுயிரியல் படித்த மருத்துவர். ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டின் மூடியைத் தூக்கும்போது இந்த மண் மணம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உடனே மூடிவிடுங்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி அது. அது கொண்டுவரும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பேர். வெட்டுக்காயத்தால் நுழையும், விழுங்கிய சேற்றுநீரால் நுழையும். நுழைந்த பிறகு அதற்கு அவசரமே கிடையாது. வருடக்கணக்கில் சத்தம் காட்டாமல் இருக்கும். மனிதனின் உயிர்க்கலங்களுக்குள் புகுந்து, பக்கத்துக் கலத்தோடு ஒட்டி, நடுச்சுவரைக் கரைத்து, பல அறைகளை ஒரே அறையாக்கிக்கொள்ளும்.

தட்டில் வரும் மணம் ஒரு மனிதனின் தலையணையில் வரும் என்று அவள் எங்கும் படித்ததில்லை.

"அத்தான், சன்னலத் துறக்கட்டா? உள்ளுக்க அவியுது."

தயாபரன் கண்ணைத் திறக்கவில்லை. "வேணாம் நிரு. தண்ணி வரும்."

நாலரை வருடத்துக்கு முந்திய சுனாமி அலையைப் பற்றி அவர் அதுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை. நிருஷாவின் அக்கா தனுஷாவைத்தான் அவர் முதலில் கலியாணம் முடித்திருந்தார். அலை வந்த காலையில் அக்காவை ஒரு கையிலும், அக்காவின் இடுப்பிலிருந்த நடை பழகாத பிள்ளையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு கறுப்புத் தண்ணீருக்குள் போனவர், வாவிக்கரைக் கண்டல் புதருக்குள் தனியாகக் கிடந்து எடுக்கப்பட்டார். மூக்கிலும் வாயிலும் சேறு. நெஞ்சு நிறையச் சேறு. பிழைக்க மாட்டார் என்றார்கள், பிழைத்துவிட்டார். அக்காவும் பிள்ளையும் கிடைக்கவேயில்லை. துக்கம் ஆறாமலே இரண்டு வீட்டாரும் கூடிப் பேசி நிருஷாவை அவருக்குக் கட்டிவைத்தார்கள். சுனாமி வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இந்த இரண்டு அறை வீட்டுக்கு அவள் அப்படித்தான் வந்தாள். பள்ளிக்கூடம், கணக்குப் பாடம், மாலையில் வானொலி என்று அமைதியான மனிதர். அவளை ஒருநாளும் அதட்டியதில்லை. அவளும் அவரை விரும்பத் தொடங்கியிருந்தாள்.

போன வருடம் அவருடைய கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அதைக் கீறி எடுத்த சீழில் அந்தக் கிருமி இருக்குமோ என்று சந்தேகப்பட்டு மாத்திரை கொடுத்தாள். கட்டி வற்றியது. அவரும் கரும்பலகைக்குத் திரும்பினார். முந்தநாள் பின்னேரம் திடீரென்று நடுங்கத் தொடங்கினார்.

இப்போது மாத்திரை போதாது. ஊசிமருந்து நரம்பில் ஏற வேண்டும். மருந்து ஆசுபத்திரியில் இருந்தது. ஆசுபத்திரிக்குப் போகப் பாலத்தைக் கடக்க வேண்டும்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. எங்கோ வெடி கொளுத்தினார்கள். ஊர் வாயடைத்துக் கிடந்தது. ஒரு வீட்டிலும் சன்னல் திறந்திருக்கவில்லை. அவள் அடையாள அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாலத்தடியில் சிப்பாய்கள் காவல் நின்ற சென்றிவரை நடந்துபோனாள். முள்ளுக்கம்பிச் சுருளை வீதிக்குக் குறுக்கே இழுத்துவிட்டிருந்தார்கள்.

"நான் டொக்டர். வீட்டில நோயாளி. இண்டைக்கே கொண்டுபோகாட்டி செத்திருவார்."

சிப்பாய்க்குப் பிள்ளை முகம். அவளைப் பார்த்தான், பின்னால் நின்ற பெரியவனைப் பார்த்தான். "இன்னைக்கு ஒரு ஆளும் போக ஏலாது, மிஸ். நாளைக்கு வாங்க."

"நாளைக்கு இருக்க மாட்டார்."

"நாளைக்கு," என்றான் அவன் மறுபடியும். அவனுக்குத் தெரிந்த தமிழ் அதோடு முடிந்துவிட்டது போலிருந்தது.

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு அன்னப்பூரணி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருவாடு போடுகிற மனுசி. காற்றின் ஈரத்தைத் தோலால் அறிகிறவள்.

"என்னகா மகள், உங்கட வளவுக்க மட்டும் மழ பெஞ்சதா?"

"இல்லயே மாமி. ஏன்?"

"மணக்குது." அன்னப்பூரணி மூக்கை உறிஞ்சினாள். பிறகு முகம் மாறியது. "கடல் வெள்ளம் வத்தின பிறகு ஊருக்க ஒரு மணம் நிண்டது. ஞாபகமிரிக்கா? அந்த மணம். நான் கதவச் சாத்தப் போறன். நீயும் சாத்து."

அவள் சாத்தினாள். வேறு என்ன செய்வது? தெருவில் சப்பாத்துக் கால்கள் போய்க்கொண்டிருந்தன.

மூடிய வீட்டுக்குள் மணம் தடித்தது. அஸ்பெஸ்டஸ் கூரையிலிருந்து இறங்கிய சூட்டில் சுவர் வியர்த்தது. விரலால் தொட்டபோது நுனியில் சாம்பல் நிறமாக ஏதோ ஒட்டியது. அவள் முகக்கவசத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவருடைய நெற்றிக்கு ஈரத்துணி போட்டாள். அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தன் முன்னால் படுக்கையில் ஓர் இடம் விட்டு, அந்த இடத்தைச் சுற்றிக் கையை வளைத்து, யாரும் அதில் இருந்துவிடாதபடி.

தொலைபேசி அடித்தது.

பதியுதீன். ஏறாவூர்க்காரன், அவளோடு ஒன்றாகப் படித்தவன், இப்போது சிங்கப்பூரில் கிருமிகளின் மரபணுக்களை எழுத்து எழுத்தாக வாசிக்கிற வேலை. அவனுக்கு அவள் மூன்று மாதிரிகள் அனுப்பியிருந்தாள்.

"சத்தம் வருகுதா நிருஷா? ஊர்ல எல்லாரும் சுகமா?"

"சுகம். சொல்லுங்க."

"முதலாவது, கரைமண்ணில எடுத்த கிருமி. அதுட மரபணு முழுசா இரிக்கி. ரெண்டாவது, காய்ச்சல்ல மௌத்தான அந்த செட்டிபாளையத்து மீன்பிடிக்காரர், வினாயகமூர்த்தி. அவருக்குள்ள இருந்தது கொஞ்சம் இழந்திரிக்கி. மனுசனுக்குள்ள நெடுநாள் இருந்தா அப்பிடித்தான். மூணாவதுதான் விளங்குதில்ல. அது ஆரு? பேர் போடாம அனுப்பியிரிக்கீங்க."

அவள் கட்டிலைப் பார்த்தாள். "ஒரு நோயாளி."

"அதுக்கு நீந்துற வால் இல்ல. மண்ணில சாப்பிடத் தேவையான மரபணு இல்ல. தண்ணியில தாக்குப்பிடிக்கத் தேவையான ஒண்டும் இல்ல. எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிட்டு. இனி அதுக்கு மண்ணுக்குத் திரும்பிப் போற வழி தெரியாது. மனுசன்தான் வீடு. மறுகா இன்னொண்டு. இழந்த இடத்தில ஒரு துண்டு புதுசாத் தைச்சிரிக்கி. அது கிருமிட இல்ல. மனுசத் துண்டு."

"நோயாளிட கலம் கலந்திருக்கும்."

"அவர்ட இல்ல. தாய் மட்டும் பிள்ளைக்குக் குடுக்கிற துண்டு அது. எங்கட ஊர்ல குடி, வம்சம் இறங்கிற மாதிரி, தாய்வழி. கை பட்டுக் கலந்ததா எண்டு ஒப்பிடுறத்துக்கு நீங்க உங்கட எச்சில அனுப்பினீங்கதானே? அதோட அச்சொட்டாப் பொருந்துது. உங்கட துண்டுதான் எண்டு நினைச்சன். ஆனா மேல ஒட்டியில்ல, நிருஷா. உள்ளுக்குத் தைச்சிரிக்கி. கை பட்டா அப்பிடி வராது. உங்களுக்குக் கூடப்பிறந்த ஆரும்..."

இணைப்பு அறுந்தது. அவள் கருவியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். அவளுடைய துண்டு. அம்மா கொடுத்த துண்டு. அம்மா இரண்டு பெண்களுக்குக் கொடுத்தாள். மூத்தவள் தன் பிள்ளைக்குக் கொடுத்தாள். அந்த இரண்டு பேரும் கறுப்புத் தண்ணீருக்குள் கரைந்தார்கள். அந்தத் தண்ணீரை விழுங்கியவர் இங்கே கிடக்கிறார்.

பயித்தியம். களைப்பு. இரண்டு நாளாக நித்திரையில்லை.

"திரும்பிப் போற வழி தெரியாதாம், நிரு," என்றார் தயாபரன் கட்டிலிலிருந்து.

பதியுதீனின் குரல் அவருக்குக் கேட்டிருக்க நியாயமில்லை.

"ஆருக்கு, அத்தான்?"

அவர் சிரித்தார். வறண்ட உதடு வெடித்தது. "நான் கைய விடல்ல. எல்லாரும் விட்டுட்டன் எண்டு நினைச்சாங்க. நீயும் நினைச்சிருப்பாய். நான் விடவேயில்ல."

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பயத்தை மீறிக்கொண்டு அவர்மீது இரக்கம் வந்தது. இந்த மனிதர் இத்தனை வருடமும் எதைச் சுமந்துகொண்டு பலகையில் கணக்கு எழுதினார்? வாவியை நீந்தியாவது கடக்கலாமா என்று யோசித்தாள். வாவியோரம் சிப்பாய்கள். சுடுவார்கள். கதவைத் திறந்து கத்தலாம். யார் வருவார்கள்? அன்னப்பூரணி தாழ்ப்பாளுக்கு மேல் உலக்கையும் வைத்திருப்பாள்.

வெயில் சாயச் சாய அவருடைய மூச்சு கட்டையானது. உதட்டில் நீலம் ஏறியது. இருள் விழும் மம்மல் நேரத்தில், வெளியே மறுபடியும் வெடி கேட்டபோது, ஒரு மூச்சு உள்ளே போனது.

வெளியே வரவில்லை.

அவள் அவரைத் தரையில் இழுத்துப் போட்டு நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினாள். எலும்பு எழும்பித் தாழ வேண்டும். எழும்பவில்லை. ஈரமணல் மூட்டையை அழுத்துவது போல் கை புதைந்தது. விட்டாள். அழுத்தினாள். விட்டாள். தோள் இரண்டும் மரத்துப்போகும்வரை அழுத்தினாள். கழுத்தில் நாடி இல்லை. கண்ணை விரித்து டோர்ச் அடித்தாள். கண்மணி சுருங்கவில்லை.

முடிந்துவிட்டது.

முடிந்துவிட்டது என்பதை முறைப்படி உறுதிசெய்ய வேண்டும். அது மட்டும்தான் அவளுக்கு இனிச் செய்யத் தெரிந்தது. ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். வட்டத்தை இதயத்தின் மேல் வைத்தாள்.

இதயம் இல்லை. ஒரு துடிப்பும் இல்லை.

வட்டத்தை வலப்பக்கம் நகர்த்தினாள்.

மூச்சு.

கையை அவருடைய வாய்க்கு மேல் பிடித்தாள். காற்றில்லை. நெஞ்சு அசையவில்லை. ஆனால் காதுக்குள் மூச்சு, ஆழமாக, நிதானமாக, வேலை முடித்துவந்து படுத்த பெண்ணின் மூச்சு. அதற்குக் கீழே, இன்னும் கொஞ்சம் இடப்பக்கமாக, வேறொன்று. சின்னது. வேகமானது. மூக்கடைத்த கைப்பிள்ளையின் மூச்சு.

இரண்டு.

அவள் வட்டத்தை எடுத்தாள். அறை அமைதி. வைத்தாள். இரண்டு மூச்சும் நின்றன.

நின்றுபோகவில்லை. பிடித்துக்கொண்டு நின்றன. இருட்டறையில் ஒளிந்திருப்பவர்கள் கதவடியில் காலடி கேட்டால் பிடித்துக்கொள்வது போல.

அவள் அசையவில்லை. அசைய முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் சாத்திய கதவு. அதற்கப்பால் வீதி. அதற்கப்பால் முள்ளுக்கம்பி. நாளைக்கு. நாளைக்கு வாங்க.

உள்ளே, தோலுக்கு மிக அருகில், வட்டத்துக்கு நேர் கீழே வந்து, ஒரு குரல்.

"நிரு."

அக்காவின் குரல். சளி நிறைந்த குரல். மூச்சிரைக்கும் குரல்.

"நிரு... நான் கன நேரம் பிடிச்சுக்கொண்டு நிக்க ஏலாது. பிள்ளைய வாங்கு."

தயாபரனின் செத்த முகத்தில் தாடை மெல்ல இறங்கத் தொடங்கியது. இறங்கியது. இன்னும் இறங்கியது. தொண்டைக்குள்ளிருந்து, உதட்டைத் தாண்டி, சேறு பூசிய ஒரு சின்னக் கை விரல்களை விரித்துக்கொண்டு அவளை நோக்கி நீண்டது.