எழுத்து விழும் ஓசை

மூன்றாம் பத்தியை முடித்துத் திரையைப் பார்த்த மகாராணி, தான் சொல்லாத ஒரு சொல் அங்கிருப்பதைக் கண்டாள்.

குளிருது.

ஏலத்தோட்டத்தின் விளைச்சல் அறிக்கையில் அதற்கு இடமில்லை. அடுத்த அறையில் ஏலக்காய் உலர்த்தும் எந்திரத்தின் உறுமலைக் கணினி பேச்சாகப் பிழைபடக் கேட்டிருக்க வேண்டும். அழித்தாள். தடமே இல்லை. தட்டச்சுப்பொறியானால், மேலே எத்தனை முறை அடித்து மறைத்தாலும், தாளின் பின்புறத்தில் அந்தப் பிழை விரலுக்குத் தட்டுப்பட்டிருக்கும்.

அவளுடைய விரல் மூட்டுகள் வீங்கிய பிறகு மேலாளர் செய்துகொடுத்த ஏற்பாடு இது. அவள் வாசிப்பாள், கணினி கேட்டு எழுதும். எனினும், போடியில் தட்டச்சுப் பயின்றபோது படிந்த பழக்கம் அவளை விடவில்லை. கண், எதிரே வைத்த தாளைவிட்டு நகரக் கூடாது. பத்தி முடிந்த பின்பே அடித்ததைப் பார்க்க வேண்டும்.

தொழிலாளர்களை மலையடிவார ஊரான சிலமலையில் இறக்கிவிட்டு, அவளை அழைத்துப்போக வெறும் ஜீப்பில் மலையேறிக்கொண்டிருந்த கணவன் சின்ராசு, சற்று முன்புதான் கைபேசியில் கேலி செய்திருந்தான்.

"பேசுனாலே எழுதிருதாமுல்ல? அப்ப இனி ஒன் வாய்க்கு லீவே கெடையாதுன்னு சொல்லு."

"ஒங்க வாய்க்கு லீவு விட்டுட்டு ரோட்டப் பாருங்க. வளைவெல்லாம் ஒரே மூட்டமா இருக்கு."

"இந்தா வந்துட்டேன்னு வையி."

இப்போது அழைத்தால் மணி போகவில்லை. மாலை மங்கும் முன்பே மூடுபனி சன்னல்களை வெள்ளைத் துணிபோல் மூடியிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டும் நீரும், உலர்த்தும் அறையின் புகைகலந்த ஏல மணமும், உறுமலுக்கு அடியில் இன்னும் ஏதோ ஒன்று மெல்ல மூச்சுவிடுவது போன்ற ஓசையும் அறைக்குள் நிறைந்து நின்றன. கலக்கத்தை அடக்க, அவள் தாளைப் பார்த்து உரக்க வாசித்துக்கொண்டே போனாள்.

கதவு தட்டப்பட்டது.

"மகாராணி."

அவன் குரல்தான். அவள் தாளிலிருந்து கண்ணை எடுத்துக் கதவை நோக்கினாள்.

"ஜீப்புச் சத்தமே கேக்கலையே?"

"மெசினு போடுற சத்தத்துல எங்கிட்டுக் கேக்கும்? தொற."

"ஆரனாவது அடிக்கலாமுல்ல?"

"வெரசா தொற, புள்ள."

எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். அவன் உள்ளே வந்தான். கூரை சொட்டிக்கொண்டிருந்தது, அவன் சட்டையில் ஈரமே இல்லை. பெட்ரோலும் நசுங்கிய பச்சிலையும் நாறின.

கணினியை நிறுத்தத் திரும்பியவள் திரையைக் கண்டாள். அவள் கேட்ட கேள்விகள் அங்கிருந்தன. அவன் சொன்ன மறுமொழிகள் இல்லை.

ஜீப்புச் சத்தமே கேக்கலையே
தொறக்காத
ஆரனாவது அடிக்கலாமுல்ல
தொறக்காத மகாராணி நான் பள்ளத்துல கெடக்கேன் அது நானில்ல

தட்டச்சுப்பொறியானால் ஒவ்வோர் எழுத்தும் விழுந்த ஓசை கேட்டிருக்கும்.

இவை ஓசையின்றி வந்திருந்தன.

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. திரையின் அடியில் எழுத்துகள் மீண்டும் ஊர்ந்தன. தயங்கின. ஊர்ந்தன.

பின் வாசல் வழியா ஓடிப்

அங்கே நின்றன. பாதிச் சொல்லில். அவள் காத்திருந்தாள். மேற்கொண்டு ஓர் எழுத்தும் வரவில்லை.

பின்கழுத்தில் சில்லென்று ஏதோ பட்டது. அவன் குரல், காதோரம் குனிந்து, மிகக் கனிவாக அந்த வாக்கியத்தை முடித்துவைத்தது.

"போகாத."