வால்வை அடைத்தவர்

பகல் பதினொரு மணிக்கே அந்தக் குளியலறை இருண்டு கிடந்தது. சுவரில் ஒரு பழைய ஹீட்டர். அதன் அடியிலிருந்த பாதுகாப்பு வால்விலிருந்து வெந்நீர் சொட்டிக்கொண்டிருந்தது. துரு வாடை பிளம்பரின் மூக்கில் ஏறியது.

"அண்ணே, ரெண்டு மாசமா இதே ரோதனை. பேசாம அந்த ஓட்டைய அடைச்சிடுங்களேன்," என்றாள் வீட்டுக்காரி.

பிளம்பர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"அடைக்கவே கூடாதும்மா. உள்ள அழுத்தம் ஏறினா அது வழியாத்தான் வெளிய போகணும். அடைச்சா தொட்டியே வெடிச்சிடும். வால்வத்தான் மாத்தணும்."

அடுத்தவர் வீட்டில் எவ்வளவு வக்கணையாகச் சொல்ல வருகிறது! கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் விழுந்தடித்து ஓடிய மனுஷர், தன் வீட்டு வால்வு சொட்டியபோது மட்டும் ஒரு மூடியைத் திருகிவிட்டு, "நாளைக்குப் புதுசு போட்டுடறேன்" என்றார். நாளை நாளை என்று மூன்று வாரம் ஓடியது. சூட்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் பழுதான காலையில், உள்ளே அவர் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு தடவை அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு ஆசை மிச்சமில்லை.

வீட்டுக்காரி சமையலறைக்குப் போனாள். பிளம்பர் மின்சாரத்தை நிறுத்தினார், தண்ணீர் வரும் குழாயை மூடினார், தொட்டியைச் சுத்தமாக வடித்தார். உப்புப் படிந்த வால்வைக் கழற்றிப் புதியதை மாட்டினார்.

சொட்.

புது வால்விலிருந்து.

தொட்டியைத் தட்டிப் பார்த்தார். காலிக் குடமாக ஒலித்தது. அடுத்த சொட்டுக்கு விரலை நீட்டினார்.

சுட்டது.

முதுகுக்குப் பின்னால் ஈரத்துணி உரசும் சத்தம். அவர் மனைவி போடும் சோப்பின் வாசனை. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"நீயா?"

"இங்க மட்டும் கூப்பிட்டதும் வந்துட்டீங்களே," என்றது காதருகே ஒரு குரல்.

அதில் கோபமே இல்லை. திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பார்.

"என்னை மன்னிச்சிடும்மா," என்று ஈரத்தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

சத்தம் கேட்டு ஓடி வந்த வீட்டுக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே... உங்க தோள்ல..."

சட்டையில் ஐந்து விரல்களின் ஈரத்தடம். அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் தனியாக வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினார். ஈரம் காயவில்லை. தொட்டுப் பார்த்தார், வெதுவெதுப்பாக, உயிருள்ள கை போலவே இருந்தது.