நம்ம ஆளுங்க மட்டும்தானே

போனில் செயலாளர் வீடு வீடாகப் பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். மூன்றாம் மாடியில் அவளுடைய எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டவர், அவளைக் கூப்பிடாமலே நான்காம் மாடிக்குப் போய்விட்டார். "சார், நானும் இருக்கேன்" என்றாள். அவர் அடுத்த வீட்டைக் கூப்பிட்டார்.

அந்த அடுக்குமாடியில் மாதாந்திரக் கூட்டத்துக்கு யாரும் படியிறங்க வேண்டாம், போனில் குழு அழைப்பில் சேர்ந்தால் போதும். அவளுக்கு அது வசதி. மருத்துவமனையில் பகலெல்லாம் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கியபடி கேட்பாள். கணவனுக்கு வெளியூரில் வேலை. ஆறு வயது மகன் அந்நேரம் எதிர்வீட்டில் விளையாடுவான். எதிர்வீட்டு அக்கா தங்கமானவர். குடிவந்ததிலிருந்து அவளுக்கு ஒட்டிய ஒரே உறவு அதுதான்.

வெளியே மழை பிடித்திருந்தது. சமையலறையில் ஈரச்சுவரின் வாடையும் வெங்காயக் காரமும் கலந்திருக்க, ஹெட்போனில் மற்ற வீடுகளின் சத்தமெல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது: யாருடைய மிக்ஸியோ, யாருடைய டிவியோ, முதல் மாடிப் பாட்டு டீச்சரின் இருமல், எதிர்வீட்டில் பிள்ளைகள் ஓடும் தடதடப்பு, அதற்குள் தன் மகனின் சிரிப்பு. அதை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தொட்டித் தண்ணி நாறுது சார்" என்றார் பாட்டு டீச்சர்.

"கழுவிட்டா போச்சு."

"கழுவினா போயிடுமா? யார் வந்தப்புறம் நாற ஆரம்பிச்சுதுன்னு யோசிங்க."

அவள் கையில் கத்தி நின்றது.

"வெளிப்படையா பேசலாமா சார்? நம்ம ஆளுங்க மட்டும்தானே இருக்கோம்?"

"நம்ம ஆளுங்க மட்டும்தான். பேசுங்க" என்றார் செயலாளர்.

அதன் பிறகு அந்தச் சொல் வந்தது. அவளுடைய ஆட்களைக் குறிக்கும் சொல். பள்ளிக்கூடத்தோடு அதைத் தொலைத்துத் தலைமுழுகிவிட்டதாக நினைத்திருந்தாள். கோபத்தில் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. காய்கறி விலை விசாரிக்கும் குரலில் சொன்னார்கள். அவங்க கை பட்டா அப்படித்தான். லிஃப்ட்ல ஏறினாலே தெரியும். இதே ஆட்களோடுதான் நேற்று லிஃப்டில் வாய் வலிக்கச் சிரித்துப் பேசியிருந்தாள். அந்தச் சிரிப்பை நினைக்க அவளுக்கே கூசியது.

"நான் இங்கதான் இருக்கேன். எல்லாம் கேக்குது" என்றாள். மைக் திறந்துதான் இருந்தது. மறுபடி கத்திச் சொன்னாள்.

"என்னமோ இரையுது. மழையா இருக்கும்" என்றார் செயலாளர்.

அப்போது எதிர்வீட்டுத் தடதடப்பு நின்றது.

"அது எங்கம்மா" என்றான் மகன்.

அவளுக்கு மூச்சு வந்தது. உடனே அக்காவின் குரல், எப்போதும் போலத் தேனாக: "இல்லடா கண்ணா. அம்மா இங்க இருக்கேன்ல?"

அவன் மறுக்கவில்லை.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அங்க இருக்கிறது யாரு? சொல்லு பாப்போம்" என்றார் அக்கா. பல குரல்கள் சேர்ந்து, மெதுவாக, எழுத்துக் கூட்டி அந்தச் சொல்லை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தன. பாட்டு டீச்சர் சுருதி பிசகாமல் எடுத்துக்கொடுத்தார். அவன் திக்கினான். மறுபடி சொன்னான். மூன்றாம் முறை தெளிவாக வந்தது.

எல்லா வீடுகளும் கைதட்டின.

ஓடினாள். வெளியே விளக்கு எரியவில்லை. செருப்பில்லாத காலில் தரையின் ஈரம். எதிர்க்கதவு. மணியை அழுத்தினாள். கதவுக்குள்ளும் ஒலித்தது, காதுக்குள்ளும் ஒலித்தது.

"குட்டி! அம்மாடா. வா, வீட்டுக்குப் போலாம்."

கதவை அறைந்தாள். உள்ளங்கை எரிந்தது. மாடி முழுக்க, மேலும் கீழும், ஒவ்வொரு தாழ்ப்பாளாக விழும் சத்தம்.

நாற்காலி இழுபட்டது. யாரோ ஏறுகிறார்கள். சின்னப் பாதங்கள்.

கதவின் பார்வைத் துளையில் வெளிச்சம் மறைந்தது. அங்கே ஒரு கண். அவளுடையதைப் போலவே பழுப்பு விழி. இமைக்காமல் பார்த்தது.

"கண்ணா..."

காதுக்குள், மிக அருகில், அவள் பெற்ற குரல் நிதானமாகச் சொன்னது:

"அம்மா, அவங்கள்ல ஒருத்தி நிக்குறா. திறக்காதீங்க."