வெளிவாய்க்கு எழுதிய வரி

பம்ப் ஹவுஸ் வாசலில் அக்காவும் தம்பியும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். அக்கா, தண்ணீரின் ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் இன்ஜினியர். தம்பி வெல்டர். நகரத்து மழைத் தண்ணீரை ஆற்றில் கொண்டுபோய்க் கொட்டும் சுரங்கத்தின் வெளிவாயில் கம்பி வலை பிய்ந்து கிடந்தது. அவன் உள்ளே இறங்கிப் போய் அதை ஒட்ட வேண்டும். ஆறோ பெருகி நின்றது. அந்த வாய் வழியாக ஆற்றுத் தண்ணீர் எதிர்த்து ஏறுமா என்று அக்கா சொல்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

"அக்கா, கழுத்து வரைக்கும் வரும்னு சொல்லிடு. இன்னைக்கு லீவு போட்டுட்டுத் தூங்குறேன்."

"வாய மூடுடா. உன் கல்யாணச் செலவு யாரு பார்க்குறது?"

கட்டடம் பழசு. பகலிலும் விளக்கு எரிந்தது. சுவரெல்லாம் ஈரம், எங்கும் பாசி நாற்றம். தரைக்கு அடியில் சுரங்கம் எதையோ மென்று விழுங்கிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் கம்ப்யூட்டரைக் காட்டினார். "வரைபடம் எங்க பழைய இன்ஜினியர் போட்டது மேடம். இந்தச் சுரங்கம் அவர் பேச்சத்தான் கேக்கும். அவர் என்ன எழுதுறாரோ அப்படியே தண்ணி போகும்."

"இப்ப அவரு எங்க?"

"உள்ளதான்" என்றார் சூப்பர்வைசர். அவர் சிரிக்கவில்லை. "ஒரு நாள் இறங்கினவர் ஏறி வரல. உடம்பு கிடைக்கவே இல்ல."

அக்காவின் மென்பொருளுக்குச் சொந்த புத்தி கிடையாது. சுரங்கத்தின் ஒவ்வொரு எல்லையிலும் தண்ணீர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். இது சுவர், ஒட்டி நில். இது வாசல், இந்த வேகத்தில் போ. எல்லைக்கு அப்பால் அதற்கு உலகமே இல்லை.

அந்த அப்பாலிலிருந்துதான் ஏதோ வந்தது.

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வெளிவாயில் தண்ணீர் எதிர்த்து நுழைவதாக எச்சரிக்கை வந்து, எண்கள் தாறுமாறாக எகிறிக் கணக்கு நின்றது. வாய் முழுக்க நுழைந்தால் ஆறு என்று நினைக்கலாம். இது நடுவில் மட்டும், ஓர் ஆளின் தோள் அகலத்துக்கு நுழைந்தது.

"மழை இருட்டிக்கிட்டு வருது மேடம். பையன் இறங்கலாமா?"

அவள் எரிச்சலில் ஒரு வரி எழுதினாள்: வேகம் கூட்டலில் இருந்தால் விடு, கழித்தலில் போனால் பூஜ்யம் ஆக்கு. அவள் பழக்கத்தில் கூட்டல் என்றால் வெளியே. அதாவது வெளியே போவது போகட்டும், உள்ளே எதுவும் வரக் கூடாது. கணக்கு முரண்டு பிடித்தால் இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒட்டு வேலைதான் இது. யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

எச்சரிக்கை நின்றது. அப்போதாவது அவள் ஓட்டத்தை அம்புகளால் காட்டும் படத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்களே, அதேதான்.

"முழங்கால் அளவுகூட வராது" என்றாள்.

தம்பி இடுப்பு பெல்ட்டில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "அக்கா, வாய்கிட்ட வந்துட்டேன். வெளிச்சம் தெரியுது. ஆனா கை வெளிய போக மாட்டேங்குது."

"வலை தடுக்குதா?"

"வலையே இல்லக்கா. இங்க ஒண்ணுமே இல்ல. ஆனா போகல."

வாக்கி-டாக்கி மறுபடி கரகரத்தது.

"அக்கா... வெளிய இருந்து ஒரு ஆளு உள்ள வர்றாரு."

முதல் அடி விழுந்தது.

ஹெல்மெட் பிளந்த சத்தம். பிறகு அலறல். சூப்பர்வைசர் பாய்ந்து கயிற்றை இழுத்தார். கயிறு லேசாக வந்தது. நுனியில் பெல்ட் மட்டும் இருந்தது, அதில் பல் பதிந்திருந்தது.

அக்கா படத்தைத் திறந்தாள். வெளிவாயில் அத்தனை அம்புகளும் உள்ளே பார்த்து நின்றன. பழைய இன்ஜினியர் அந்த வாயை உள்நோக்கி வரைந்து வைத்திருந்தார். அவர் வரைபடத்தில் கூட்டல் என்றால் உள்ளே. அவள் எழுதியது தலைகீழாகிவிட்டது: வருவது வரலாம், எதுவும் வெளியேறக் கூடாது.

படத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அதில் அவள் வரையாத இரண்டு வெற்றிடங்கள், ஆள் உருவத்தில். பெரியது சிறியதைத் தூக்கிச் சுவரில் மோதியது.

வாக்கி-டாக்கியில் எலும்பு முறிந்தது.

மறுபடி மோதியது.

"அக்கா!"

மறுபடி.

இப்போது குரல் வரவில்லை.

அவள் அந்த வரியில் ஒரே ஒரு கழித்தல் குறியைச் சேர்த்தாள். இரண்டு முறை தப்பாக அழுத்தி, மூன்றாவது முறை ஓடவிட்டாள்.

தரை குலுங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கிச் சூப்பர்வைசரின் முகத்தைக் கிழித்தன. சுரங்கம் உள்ளே இருந்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆற்றங்கரையில் துப்பியது.

சேற்றில் தம்பி கிடந்தான். தோள் கழன்று தொங்கியது, ஒரு காது பிய்ந்திருந்தது, வாயெல்லாம் ரத்தம். உயிர் இருந்தது. அவள் அவனைக் கட்டிக்கொண்டு, "செத்துட்டியோன்னு நினைச்சேன்டா நாயே" என்று கதறினாள். இனி ஆயுசுக்கும் அவனைத் திட்ட மாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரி வார்டில் டாக்டர், "பயப்படாதீங்க, பொழைச்சுக்கிட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து தம்பியின் மூக்கருகே கை வைத்தாள். சூடான காற்று வந்தது. பாசி நாற்றத்தோடு வந்துகொண்டே இருந்தது. அது உள்ளே திரும்பும் என்று அவள் காத்திருந்தாள். அவன் நெஞ்சு எழவே இல்லை.

தம்பி கண்ணைத் திறந்தான். புதிதாகப் பார்க்கிறவன்போல அவளைப் பார்த்தான்.

"என் வரைபடத்துக்கு ஏத்த மாதிரி குறிய மாத்தினீங்க பாருங்க மேடம், அதான் சரி. எத்தனை வருஷமா உள்ளயும் வர முடியாம வெளியயும் போக முடியாம அந்த வாய்லயே முட்டிக்கிட்டுக் கிடந்தேன் தெரியுமா? உங்க தம்பி நல்ல பையன். கடைசி வரைக்கும் உங்களத்தான் கூப்பிட்டான். இப்பவும் அங்கதான் நின்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கான்."

இவ்வளவையும் அவன் ஒரு தடவைகூட மூச்சை உள்ளே இழுக்காமல் சொன்னான்.